பிரபு எழுதாத கடிதம்

பிப்ரவரி 4

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

ஒருவழியாகப் புத்தகம் வந்துவிட்டது. ‘பிரபுவின் சாவிக்கொத்து’. ஆறு பிரதிகளைத் தனிக் கட்டாக அனுப்பியிருக்கிறேன். ஒன்று உனக்கு, ஐந்து உன் வாடகை நூலகத்துக்கு. உனக்கென்று கொடுத்ததையும் நீ வாடகைக்குத்தான் விடுவாய் என்று தெரியும். விடு.

அட்டையைப் பார்த்து முகம் சுளிக்காதே. அந்தச் சிவப்புக் கோட்டும் பொத்தான் போடாத மார்பும் பதிப்பாளர் செய்த வேலை. உள்ளே இருப்பதுதான் என்னுடையது. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு மாளிகை, பதினான்கு படுக்கையறைகளின் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரியும் ஒரு பிரபு, அவனுடைய அண்ணன் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வரும் ஒரு பெண். அவளுக்கு முதலில் ஓர் அக்காவையும் வைத்திருந்தேன். “கூடப் பொறந்தவ இருந்தா மூணாவது அத்தியாயத்துலயே புத்தி சொல்லி கூட்டிட்டுப் போயிடுவாம்மா, கதை எப்படி நகரும்?” என்றார் பதிப்பாளர். அடித்துவிட்டேன். இப்போது அந்தப் பெண் யாருமற்றவள்.

உன் கடையில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறாயே, புத்தகத்தின் கடைசியில் கோடு போட்ட தாள் ஒட்டி, திருப்பித் தருகிறவர்கள் பெயர் போடாமல் உறுப்பினர் எண் மட்டும் போட்டுக் கருத்து எழுதுவது. அந்தத் தாள்களில் வருவதை எனக்கு நகலெடுத்து அனுப்பு. இரண்டாம் பதிப்பின் பின்னட்டைக்கு வாசகர் கருத்து வேண்டுமாம். நல்லதை மட்டும் பொறுக்கி அனுப்பாதே, எல்லாவற்றையும் அனுப்பு. நான் தாங்குவேன்.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொன்னார். பதினோரு வருடமாக அந்த ஒற்றை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வா என்றால் வர மாட்டேன் என்கிறாய். உன் பிடிவாதம் எங்கே போகும்.

அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பிரபுவை இங்கே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆறு பிரதியும் கடையில் நிற்பதில்லை. வந்தவரை நகலெடுத்திருக்கிறேன். அவர்கள் எழுதியபடியே.

எண் 41, தையல்கடைக்காரி: “கால்ல விழுந்துட்டா சரியாப் போச்சா? மத்த பதிமூணு ரூம்ல இருந்தவங்க கதி என்ன ஆச்சு? அதை யாரு எழுதுவா?”

எண் 9, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர்: “குதிரை வண்டியில் இரண்டு நாள் ஆகும் தூரத்தைப் பிரபு அரை நாளில் போகிறார். மற்றபடி பொழுது போயிற்று.”

எண் 30, பள்ளி ஆசிரியை: “திருமணமாகாத பெண்கள் கையில் இதைக் கொடுக்கக் கூடாது.” அதற்குக் கீழேயே எண் 78: “நீங்க இப்படி எழுதியிருந்ததாலதான் எடுத்துட்டுப் போனேன். நன்றி டீச்சர்.”

எண் 63, மருத்துவமனைத் தாதி: “பதினேழாவது அத்தியாயத்துல வர்ற கடிதத்தை மூணு தடவை படிச்சேன். இப்படி ஒரு கடிதம் எனக்கு வந்திருந்தா நானும் கதவைத் திறந்திருப்பேன்.”

இன்னும் நான்கு பேர் அந்தக் கடிதத்தைத்தான் புகழ்ந்திருக்கிறார்கள். எனக்கு ஒரு பிரதி ஒரு நாள் முழுதாகக் கையில் தங்கவில்லை, பன்னிரண்டாம் அத்தியாயம் வரைதான் வந்திருக்கிறேன். ஆனாலும் முடிவு தெரியும். பிரபு ஓடிப்போய், மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, திரும்பி வருகிறான். அவள் கதவைத் திறக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் யாரும் முடிவை வயிற்றுக்குள் வைத்திருப்பதில்லை.

இனி என் கருத்து. தாளில் எழுத மாட்டேன், கடைக்காரி எழுதக் கூடாது என்பது நானே போட்ட சட்டம். உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்தப் பிரபு பெண்களோடு பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கிறான், சட்டைக் கையை மடித்துக்கொண்டே கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிறான். அது யார் என்று எனக்குத் தெரியாதா? என்னைக் கட்டிக்கொண்டு, ஊரில் உள்ள கல்யாணத்தில் எல்லாம் படம் எடுக்கப் போய், ஒரு மணப்பெண்ணின் தோழியோடு போய்விட்டவர். என்னைக் கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

நானாக இருந்தால் கதவை முகத்தில் அறைந்து சாத்தியிருப்பேன். என் விஷயத்தில் அந்தச் சிரமம்கூட வரவில்லை. ஒரு வரி எழுதவில்லையே மனிதர். பொய்யாகக்கூட ஒரு வரி.

உன் தங்கை

மார்ச் 9

சின்னவளுக்கு,

தையல்கடைக்காரி என்னைத் தூங்கவிடவில்லை. அவளிடம் சொல், மற்ற பதின்மூன்று பேரையும் எழுதினால் புத்தகத்தைத் தூக்க ஆள் வேண்டும்.

உன் ஆளை நான் எடுக்கவில்லை. பெண்கள் பின்னால் சுற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள். தலையைச் சாய்ப்பதற்கு அவர் ஒருவர்தான் உரிமை வாங்கியிருக்கிறாரா? கதை எழுதுகிறவள் கண்ணில் பட்டதை எல்லாம் எடுக்கத்தான் செய்வாள். அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் என் சொந்தக்காரர்கள் ஒருவரும் என் வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரியைப் படித்துவிட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கதவைச் சாத்தியிருப்பேன் என்றாயே. அத்தானிடம் படித்துக் காட்டினேன். “நம்ம சின்னவளுக்கு முதுகெலும்பு இருக்கு” என்றார். எனக்கு அது போதும்.

பதினேழாம் அத்தியாயத்தை மெதுவாகப் படி, அவசரமில்லை. பதிப்பாளர் அந்தக் கடிதத்தை அப்படியே இரண்டாம் பதிப்பின் பின்னட்டையில் போடப் போகிறாராம். “இத்தனை வருஷமா எழுதுறீங்க, இப்பதான் மனசுல இருந்து ஒரு பக்கம் வந்திருக்கு” என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறார், மடையர்.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

எண் 17-இன் கருத்து வந்திருக்கிறது. கோர்ட்டில் முப்பது வருடம் ஆவணங்களை நகல் எழுதியவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, கடையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதினார். முழுவதும் தருகிறேன்.

“இருநூற்றுப் பதினேழாம் பக்கம் வரை பிரபு ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மூச்சு முட்டும்வரை நிறுத்துவதில்லை. நிலவு, முத்து, மாலை என்று அடுக்குகிறார். அடுத்த பக்கத்தில் அதே பிரபு நாலு சொல்லில் ஒரு வாக்கியம் எழுதுகிறார். நிலவைக் காணோம், ஜன்னல் கொக்கி வருகிறது. நாற்பது வேலைக்காரர் உள்ள பிரபு, காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளாமலிருக்க உடைந்த சீப்பைத் தானே செருகுவாரா? அவருக்கு அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நான் முப்பது வருடம் பிறர் எழுதியதை நகலெடுத்தவன். இது யாரோ எழுதியதன் நகல். அந்த யாரோவுக்கு என் வணக்கம்.”

அவர் போனதும் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, அந்தப் பக்கத்தைப் படித்தேன். நீ எழுதியதுதானே, உனக்கு மனப்பாடமாக இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

“சமையலறை ஜன்னலுக்குக் கொக்கி போய் வெகுநாள் ஆயிற்று. காற்றடித்தால் நீ எழுந்து எழுந்து போய்ச் சாத்துவாய். போன அன்று காலை, உன் சீப்பின் பாதியை அந்த இடுக்கில் அழுத்தி வைத்தேன். கோபத்தில் உடைத்தவன் நான். அதற்காவது ஒரு உபயோகம் இருக்கட்டும். இப்போது ஜன்னல் அடித்துக்கொள்வதில்லை அல்லவா?”

அக்கா, என்னை விட்டுப் போனவர் என் சீப்பை உடைத்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை, வெட்கமாக இருந்தது. தரையில் ஒரு பாதிதான் கிடந்தது, அதைக் குப்பையில் போட்டேன். மறுபாதி எங்கே போயிற்று என்று எனக்கே தெரியாது.

உன் வீட்டில் ஏழு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு இங்கே திரும்பியபோது ஜன்னல் சத்தம் நின்றிருந்தது. நான் இல்லாத நேரத்தில் வீட்டுச் சொந்தக்காரர் பெயிண்ட் அடித்திருந்தார். அவர்தான் சரிசெய்தார் என்று நினைத்து நன்றிகூடச் சொன்னேன். அவர் முழித்தார்.

எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிந்தது?

உன் தங்கை

மார்ச் 25

சின்னவளுக்கு,

நீ இப்படி எழுதுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சீப்பு உடையாத வீடு எது? கொக்கி போன ஜன்னல் இல்லாத வீடு எது? எழுதும்போது கைக்கு வருவதுதான், அதற்கெல்லாம் நான் சாட்சி கொண்டுவர முடியுமா? நீ அந்த வீட்டில் தனியாக இருந்து எதை எதையோ யோசிக்கிறாய். ஒரு நகல் குமாஸ்தா கொளுத்திப் போட்டதை வைத்துக்கொண்டு சொந்த அக்காவைக் கூண்டில் ஏற்றுகிறாய்.

உன் ஜன்னல் இடுக்கில் ஒன்றும் இருக்காது. போய்ப் பார்த்துவிட்டு நிம்மதியாக இரு.

அக்கா

மார்ச் 29

அக்காவுக்கு,

போய்ப் பார்த்தேன். பெயிண்ட் மூன்று பூச்சு ஏறியிருந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டினேன், வரவில்லை. புத்தகம் பைண்டு செய்ய வைத்திருக்கும் கத்தியால் சுரண்டினேன்.

இந்த உறைக்குள் பருத்தித் துணியில் சுற்றி வைத்திருப்பதைப் பிரித்துப் பார். பழுப்பு நிறம், ஒன்பது பல் மிச்சம். நான் அதை எடுத்ததிலிருந்து ஜன்னல் மறுபடியும் அடித்துக்கொள்கிறது.

யாருக்குக் காது குத்துகிறாய்? எத்தனை கடிதம் வந்தது, அதை மட்டும் சொல்.

ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

மூன்று.

இரண்டு நாளாகச் சீப்பை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தான், “என்ன அது?” என்றார். துணியை இழுத்து மூடினேன். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. அவரைத் திட்டாதே.

நீ இங்கே வந்த நான்காவது மாதம். துணி தேய்க்கிற அறையில் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தேனே, சுவரைப் பார்த்தபடியே கிடந்தாய். கையைப் பிடித்தால் எலும்புதான் தட்டுப்பட்டது. அன்றுதான் முதல் தடவையாகத் தட்டில் வைத்ததை முழுதும் சாப்பிட்டாய். நான் சமையலறையில் நின்று அழுதேன், சந்தோஷத்தில். அப்போது தபால்காரர் மணி அடித்தார். உன் பெயருக்கு, அவர் கையெழுத்தில். உன் வீட்டு முகவரிக்கு வந்ததைத் தபாலாபீஸில் இங்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

ஒரு வாரம் போகட்டும், தெம்பு வரட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். சத்தியமாக அப்படித்தான். பிரித்துப் படித்தது தப்பு, ஆனால் படித்ததும் பயந்துவிட்டேன். அவ்வளவு நன்றாக எழுதியிருந்தார். நீ அதைப் படித்தால் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய். இன்னும் ஒரு வருடத்தில் வேறு யாரோடாவது போவார், மறுபடியும் இதே கட்டில், இதே சுவர். என்னால் இன்னொரு தடவை அதைப் பார்க்க முடியாது. ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று. அப்புறம், இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று நீ கேட்பாயே என்ற பயம். அதற்குள் இரண்டாவது வந்தது. நீ கிளம்புவதற்குச் சற்று முன் வந்த மூன்றாவதில் இரண்டே வரி. எல்லாவற்றையும் பெரிய அகராதிக்குள் வைத்தேன்.

பதினேழாம் அத்தியாயம் எனக்கு வரவே இல்லை. பிரபு மன்னிப்புக் கேட்க வேண்டும், நான் எழுத எழுத அவன் மேடையில் பேசுகிறவன்போலப் பேசினான். ஏழு தடவை கிழித்தேன். ஏதோ சொல் பார்க்க அகராதியை எடுத்தபோது விழுந்தது. சும்மா ஒரு தடவை படித்தேன். இரண்டு மூன்று சொல்லை மட்டும் எடுக்கலாம் என்று தொடங்கினேன். முடித்தபோது முழுவதும் அங்கே இருந்தது. சீப்பை மாற்றத் தோன்றியது, மாற்றிப் பார்த்தேன், பக்கம் செத்துப்போயிற்று. திரும்பச் செருகினேன். அந்தச் சீப்பை நீயே பார்த்திருப்பாய், மறந்திருப்பாய், கதையில் கவனிக்க மாட்டாய் என்று நினைத்தேன்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் ஒன்று யோசி. கதவைச் சாத்தியிருப்பேன் என்று நீயே எழுதினாய். அப்படியானால் உனக்கு என்ன நஷ்டம்? எப்படியும் சாத்தியிருக்க வேண்டிய கதவு. நான் உனக்கு முன்னால் சாத்தினேன், அவ்வளவுதானே?

மூன்றையும் இதில் வைத்திருக்கிறேன். பின்னட்டையில் அந்தக் கடிதத்தைப் போட வேண்டாமென்று பதிப்பாளருக்கு எழுதிவிடுகிறேன். நீ சொன்னால் புத்தகத்திலிருந்தே எடுத்துவிடுகிறேன். பதினான்கு சாவி வைத்திருந்தவனையே உன் வாசகர்கள் மன்னித்துவிட்டார்கள். நான் உன் அக்கா.

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

மூன்றையும் படித்தேன். முதலாவதில் அவர் வேலை செய்த ஒரு ஸ்டூடியோவின் முகவரி இருந்தது. பஸ் பிடித்துப் போனேன். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது மருந்துக்கடை. “அவர் காலி பண்ணி ஆறேழு வருஷம் இருக்கும்மா, எங்க போனார்னு தெரியாது” என்றார் மருந்துக்கடைக்காரர். தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மூன்றாவதின் இரண்டு வரி உனக்கு மறந்திருக்காது. “பதில் வராததும் ஒரு பதில்தான். இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.” இத்தனை வருடமாக எங்கோ ஒரு மனிதர், நான் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே நான், ஒரு வரிக்குக்கூடத் தகுதியில்லாதவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ நடுவில் உட்கார்ந்து அத்தியாயம் எழுதிக்கொண்டிருந்தாய்.

எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டாய். கதவைச் சாத்துவதற்கும் ஒருவர் வந்து வாசலில் நிற்க வேண்டும் அக்கா. நான் சாத்தியிருக்கலாம். திறந்திருக்கலாம், திறந்து நாசமாகவும் போயிருக்கலாம். என்னவென்று இனி எனக்கே தெரியாது. அதைத்தான் எடுத்துக்கொண்டாய்.

ஆறு வருடத்துக்கு முன்னால், என் புத்தகங்களுக்கு பைண்டிங் போடுகிறவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். நல்ல மனிதர், தலையைச் சாய்த்துப் பேசத் தெரியாதவர். வேண்டாம் என்றேன். “ஏன்?” என்று கேட்டதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? “கட்டினவரே ஒரு கடிதாசி போடல, என்கிட்ட என்ன இருக்குன்னு கேக்குறீங்க?” என்றேன். அப்போதும் அந்த மூன்றும் உன் அகராதிக்குள்தான் இருந்தன. அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். இப்போதும் பைண்டிங் அவர்தான் போடுகிறார், கத்தி அவர் கொடுத்தது.

நான் சாப்பிட்ட தட்டைப் பார்த்து நீ அழுதது உண்மை என்று நம்புகிறேன். அதுதான் இன்னும் கசக்கிறது. நீ கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபம்.

பின்னட்டையில் போடு. எடுக்காதே. உன் புத்தகத்தில் உயிரோடு இருக்கிற ஒரே பக்கம் அது, அதுவும் உன்னுடையது இல்லை. பதிப்பாளர் புகழும்போதெல்லாம் நீ அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

இனி எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்காமல் அகராதிக்குள் வைத்துவிடுவேன், நம் வீட்டில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது.

எண் 17 திருப்பிக் கொடுத்த பிரதியின் கடைசித் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். நான் போட்ட சட்டத்தை நானே மீறியிருக்கிறேன். கருத்து எல்லாம் வேண்டும், தாங்குவேன் என்று கேட்டிருந்தாயே.

உறுப்பினர் எண் 1, கடைக்காரி: “நாவல் நன்றாக இருக்கிறது. குதிரை வண்டி வேகம், மற்ற பதின்மூன்று பெண்கள் எல்லாம் மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். பிரபுவின் கடிதம் அந்தப் பெண்ணின் கைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று முதலில் எனக்குப் புரியவில்லை. மறுபடி படித்தபோது புரிந்தது. அவளுக்கு அக்கா இல்லை.”